செப்டம்பர் 29-ஐத் தாண்டாத தறிகள்

ஆரணிச் சுற்றுவட்டாரத்தில் முப்பது வருஷம் ஓடிய ஜக்காடு பெட்டிகளைப் பார்த்திருக்கிறேன். அட்டை மாற்றியிருப்பார்கள், கயிறு மாற்றியிருப்பார்கள், ஸ்பிரிங் ஒன்றிரண்டு போயிருக்கும். பெட்டி அதே பெட்டிதான். ஐந்து வருஷம் தாண்டியும் தகராறு இல்லாமல் ஓடும் எலெக்ட்ரானிக் ஜக்காடு பெட்டியைக் காட்டு என்றால் கொஞ்சம் யோசித்துத்தான் வீடு சொல்ல முடியும். இந்த இரண்டு பெட்டிகளுக்கும் நடுவில்தான் என் பிழைப்பு நடக்கிறது. அதனால் இதைப் பற்றிப் பேச எனக்கு உரிமை உண்டு என்று நினைக்கிறேன்.

சொந்த ஊர் வந்தவாசி. வெளியூர்க்காரர்களுக்கு வந்தவாசி என்றால் 1760 ஜனவரியில் இங்கிலீஷ்காரன் அயர் கூட்டும் பிரெஞ்சுக்காரன் லாலியும் மோதிய சண்டை. எங்களுக்குக் கோரைப் பாய். அப்பா பாய்த் தறிகளின் மோட்டார்களைப் பழுது பார்த்தவர். நான் இன்ஜினீயரிங் முடித்து, சென்னையில் ஒரு கம்பெனியில் ஃபர்ம்வேர் எழுதிக்கொண்டிருந்தேன். சின்னச் சில்லுக்குள் உட்கார்ந்து இயந்திரத்தை ஓட்டுகிற நிரல்தான் ஃபர்ம்வேர். 2020 மார்ச் ஊரடங்கில் வீட்டுக்கு வந்தவன் திரும்பிப் போகவில்லை. அம்மாவின் அண்ணன் தேவிகாபுரம் பக்கம் பட்டுத்தறி வைத்திருக்கிறார். கொட்டகையில் ஆறு தறி. “மாப்ளே, சும்மாதானே இருக்கே, இந்தப் பெட்டி இன்னான்னு வந்து பாரு” என்று கூப்பிட்டார். அப்படித்தான் ஆரம்பித்தது.

பழைய பெட்டி எப்படி வேலை செய்கிறது என்பதைத் தெரியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். பிரான்சின் லியோன் நகரத்து ஜக்கார் 1804-இல் கொண்டுவந்த ஏற்பாடு அது. ஒரு ஊடை இழைக்கு ஓர் அட்டை. அட்டையில் ஓட்டை இருக்கும் இடத்தில் ஊசி உள்ளே போகும். அதன் கொக்கி நேராக நிற்கும். மிதித்ததும் அந்தக் கொக்கி பாவு இழையைத் தூக்கும். ஓட்டை இல்லாத இடத்தில் அட்டை ஊசியைத் தள்ளும், கொக்கி விலகும், இழை தங்கிவிடும். தூக்கிய இழைக்கும் தங்கிய இழைக்கும் நடுவில் திறக்கும் வாயில் நாடா ஓடும். பூவும் மயிலும் மாங்காயும் இப்படித்தான் வருகின்றன. அந்த அட்டையைக் கண்ணால் படிக்கத் தெரிந்தவர்கள் ஆரணியில் இன்னும் இருக்கிறார்கள். கிழிந்தால் ஊசி நூல் எடுத்துத் தைத்துவிடுவார்கள்.

எலெக்ட்ரானிக் பெட்டி கெட்டது என்று நான் சொல்லவே மாட்டேன். பெரிய டிசைன் ஒன்றுக்கு ஆயிரக்கணக்கில் அட்டை அடித்துக் கோர்க்க வேண்டும். அதற்கு ஆகும் காசும் நாளும் அதிகம். எலி கடிக்கும், மழைக்காலத்தில் அட்டை ஊறும். எலெக்ட்ரானிக் பெட்டியில் பென் டிரைவைச் செருகினால் அடுத்த புடவைக்கு வேறு டிசைன் தயார். ஊசியைத் தள்ளும் வேலையை அட்டைக்குப் பதில் மின்காந்தங்கள் செய்கின்றன. 240 கொக்கி என்றால் 240 காந்தம். அவற்றை ஓட்ட, ஒவ்வொன்றும் எட்டு கம்பிகளைப் பார்த்துக்கொள்ளும் 30 சில்லுகள். சென்னை ரிச்சி தெரு எலெக்ட்ரானிக்ஸ் கடைகளில் “ஃபைவ் நைன்ட்டி ஃபைவ்” என்று கேட்டால் எடுத்துப் போடுவார்களே, அதுதான். எளிய, நல்ல வேலைப்பாடு.

மாமா காட்டிய முதல் பெட்டியின் நோய் என்னவென்றால், கரண்ட் போய் வந்தால் டிசைன் தாவும். மயிலின் கழுத்து வரவேண்டிய இடத்தில் கொண்டை வந்து நிற்கும். பருத்தி என்றால் பிரித்துவிடலாம். பட்டும் ஜரிகையுமாக நெய்ததை ஒவ்வொரு ஊடையாகப் பிரிக்கும்போது இழை பிசிறும், ஜரிகை மடங்கும். அத்தை விளக்கடியில் உட்கார்ந்து இரண்டு விரக்கடை அகலம் பிரித்ததைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன். சாயங்காலம் தொடங்கியவர் முடிக்கும்போது தெருவில் ஆள் நடமாட்டம் இல்லை. அந்த நேரத்துக்கு யாரும் கூலி தர மாட்டார்கள்.

பெட்டியைத் திறந்து பார்த்தேன். காரணம் உள்ளேயே இருந்தது. எத்தனையாவது ஊடையில் நிற்கிறோம் என்பதை அந்தப் பெட்டி ஒவ்வொரு மிதிக்கும் சில்லின் நிரந்தர நினைவகத்தில், அதுவும் ஒரே இடத்தில், எழுதிக்கொண்டிருந்தது. ஏடிமெகா 328 என்ற அந்தச் சில்லில் ஓரிடத்தில் 1,00,000 தடவை எழுதலாம் என்பதுதான் உற்பத்தியாளர் தரும் உறுதி. ரவிக்கைத் துணியோடு சேர்த்து ஆறு மீட்டருக்கு மேல் நீளும் பட்டுப்புடவையில், அங்குலத்துக்கு 60 ஊடை என்று வைத்துக்கொண்டாலும் ஏறத்தாழ 15,000 ஊடை வரும். கணக்குப் போட்டுப் பாருங்கள், ஏழாவது புடவையிலேயே அந்த உறுதி தீர்ந்துவிடுகிறது. நடைமுறையில் அதைத் தாண்டியும் பல மாதம் ஓடியிருந்தது. பிறகுதான் எழுதினது ஒன்று, படித்தது ஒன்று என்று ஆகிவிட்டது. இதற்கு மருந்து உண்டு. எஃப்ரேம் என்று ஒரு நினைவகச் சில்லு இருக்கிறது. லட்சம் கோடி தடவைக்கு மேல் எழுதினாலும் தாங்கும். விலையும் பெட்டியின் விலையோடு ஒப்பிட்டால் ஒன்றுமில்லை. அந்தப் பெட்டியைச் செய்தவர்களுக்குத் தறி தெரியவில்லை. தறி தெரிந்த யாரையும் கேட்கவும் இல்லை.

கருவிகளின் கதை தனி. ஊரில் உட்கார்ந்து இந்த வேலை செய்கிறவன் நேரத்தில் பாதி, சில்லோடு பேசுவதற்கு முன்னாலேயே போய்விடும். போர்டைக் கணினியில் செருகுவேன், கணினி கண்டுகொள்ளாது. டிரைவரா, போர்டா, கேபிளா என்று தெரியாது. பழைய பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடைகளில் விற்கும் யூஎஸ்பி கேபிள்களில் பலவற்றில் மின்சாரம் மட்டும்தான் ஓடும், தகவல் கம்பியே இருக்காது. போனுக்குச் சார்ஜ் ஏறும், போர்டு மட்டும் செத்த மாதிரி கிடக்கும். வெளியில் இருந்து பார்த்தால் இரண்டு கேபிளுக்கும் வித்தியாசம் தெரியாது. அதனால் தகவல் ஓடும் கேபிளுக்குச் சிவப்பு நூல் கட்டி வைத்திருக்கிறேன்.

கேபிள் சரி என்றால் அடுத்தது நகல் சில்லு. அசல் ஆர்டுயினோ போர்டு வாங்க எங்கள் பக்கத்துத் தொழிலில் கட்டுப்படியாகாது. நகல் போர்டுதான். 2014-இல் உலகம் முழுக்கப் பேசப்பட்ட ஒரு சம்பவம் உண்டு. எஃப்டிடிஐ என்ற சில்லுக் கம்பெனி வெளியிட்ட டிரைவர், விண்டோஸ் அப்டேட் வழியாக வீடு வீடாக வந்து, தன் சில்லைப் போலச் செய்த நகல்களின் அடையாள எண்ணைப் பூஜ்யமாக்கிவிட்டது. அதன்பின் எந்தக் கணினியிலும் அவை தெரியாது. நகல் செய்தவன் தப்பு செய்தான், சரி. ஆனால் அடிபட்டவர்களில் பெரும்பாலோர் அந்த நகல் தன் கருவிக்குள் இருப்பதே தெரியாமல் காசு கொடுத்து வாங்கியவர்கள். எனக்கு அப்போது கல்லூரிப் பருவம். செய்தியாகப் படித்தேன். இந்தத் தொழிலுக்கு வந்த பிறகுதான் அதன் கனம் புரிந்தது. என் மேஜையில் கிடப்பது என் பொருள், ஆனால் அதை உயிரோடு வைப்பதும் சாகடிப்பதும் வேறொருவன் கையில்.

2021-இல் உலகம் முழுக்கச் சில்லுத் தட்டுப்பாடு வந்தபோது இன்னொரு பக்கமும் தெரிந்தது. சாதாரணமாக வாங்கிக்கொண்டிருந்த சில்லுகள் பல மடங்கு விலைக்குப் போயின. மொத்த வியாபாரிகள் 52 வாரம் காத்திரு என்று பதில் சொன்ன காலம் அது. கார் கம்பெனிகளே உற்பத்தியை நிறுத்தின. தேவிகாபுரத்துக் கொட்டகைக்கு எங்கே சில்லு கிடைக்கப்போகிறது? பழைய பெட்டிகளில் இருந்து பிடுங்கிப் பிடுங்கித்தான் ஓட்டினோம்.

இதெல்லாம் கையில் தொட்டுப் பார்க்கக்கூடிய தொல்லைகள். சால்டரிங் அயர்னும் மல்ட்டிமீட்டரும் இருந்தால் ஏதாவது வழி பிறக்கும். கிளவுட் கதை அப்படி இல்லை.

கொட்டகையின் ஆறு தறிகளிலும் 2021 தொடக்கத்தில் வேறொரு கம்பெனியின் புதிய பெட்டிகளை மாமா போட்டார். பெயர் வேண்டாம். அந்தப் பெட்டியில் வைஃபை உண்டு. எந்தத் தறி எத்தனை ஊடை ஓடியது என்று போனிலேயே தெரியும். டிசைன்களும் கம்பெனியின் சர்வரில் இருந்து நேரே இறங்கும். மாமாவுக்கு அது பிடித்திருந்தது. மாதக் கடைசியில் கூலிக் கணக்கு போடுவது சுலபம் என்றார். அதில் உண்மையும் இருந்தது. நான் கவனித்தது வேறொன்று. பெட்டி தினமும் காலையில் சர்வரைக் கேட்டு, லைசென்ஸ் உண்டு என்று பதில் வாங்கிய பிறகுதான் ஓடும். பதில் வராவிட்டால் மூன்று நாள் பொறுக்கும். நான்காவது நாள் காந்தம் ஒன்றுகூட அசையாது. விற்க வந்தவரிடம், “நெட் இல்லைன்னா தறி நிக்குமா?” என்று கேட்டேன். “இந்தக் காலத்துல மூணு நாள் நெட் இல்லாம எங்கே சார் இருக்கு?” என்றார்.

அந்த வருஷம் தீபாவளி நவம்பர் 4. பட்டுத்தறிக்காரர்களுக்கு அதற்கு முந்தைய ஆறு வாரம் எப்படிப்பட்டது என்று சொல்லத் தேவையில்லை. ஆறு தறியிலும் பாவு ஏறியிருந்தது. எங்கள் பக்கம் ஒரு பாவுக்கு மூன்று புடவை என்பது வழக்கம். புடவை கொடுத்தால்தான் காசு, காசு வந்தால்தான் நெய்கிறவர்கள் வீட்டில் பலகாரம், துணி.

செப்டம்பர் 30, வியாழக்கிழமை மாலை ஏழரை மணிக்கு மேல் ஆறு பெட்டிகளும் சர்வரோடு பேசுவதை நிறுத்தின. யாரும் கவனிக்கவில்லை, தறி ஓடிக்கொண்டிருந்தது. திங்கட்கிழமை காலை, அக்டோபர் 4, சுவிட்சைப் போட்டால் ஆறு பெட்டியிலும் சிவப்பு விளக்கு. மாமா போன் செய்தார். நான் வந்தவாசியில் இருந்து வண்டியை எடுத்துக்கொண்டு போய்ச் சேர்வதற்குள், தறிக்காரர்கள் திண்ணையில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அந்தத் திண்ணையை நான் மறக்க மாட்டேன். வேலை இருக்கிறது, கை இருக்கிறது, பட்டு இருக்கிறது. யாரோ எங்கோ “சரி” சொல்லவில்லை என்பதற்காக உட்கார்ந்திருக்கிறார்கள்.

அவர்களில் மூத்தவர் ஒருவர், ஐம்பது வருஷமாகத் தறியில் இருப்பவர், என்னைப் பார்த்துக் கேட்டார். “தம்பி, அட்டை கிழிஞ்சா நானே தைச்சுக்குவேன். இது எங்கே கிழிஞ்சிருக்குதுன்னாவது சொல்லேன்.”

கம்பெனிக்குப் போன் போட்டோம். மணி அடித்தது, எடுக்கவில்லை. பிற்பகலில் ஒரு பையன் எடுத்தான். பாவம், அவனுக்கும் ஒன்றும் தெரியவில்லை. “டிக்கெட் போடுங்க சார்” என்றான். டிக்கெட் போட்டோம். படம் எடுத்து வாட்ஸ்ஆப்பில் அனுப்பச் சொன்னான். அனுப்பினோம். பதிலுக்குக் காத்திருக்கும்போதே இரவு ஒன்பது மணிக்கு மேல் வாட்ஸ்ஆப்பும் நின்றுவிட்டது. உங்களுக்கு நினைவிருக்கலாம். ஃபேஸ்புக், வாட்ஸ்ஆப், இன்ஸ்டாகிராம் மூன்றும் உலகம் முழுக்க ஆறு மணி நேரம் போல முடங்கிய இரவு அது. பராமரிப்பின்போது கொடுத்த ஒரு கட்டளை அவர்களுடைய முதுகெலும்பு இணைப்புகளையே துண்டித்துவிட்டது என்று பிறகு அந்தக் கம்பெனியே விளக்கம் கொடுத்தது. உலகத்தின் ஆகப் பெரிய கம்பெனிகளில் ஒன்றுக்கே அந்தக் கதி என்றால், திண்ணையில் உட்கார்ந்த எங்களுக்கு யார் பதில் சொல்லப்போகிறார்கள்?

அன்றிரவு கொட்டகையிலேயே தங்கினேன். ஒரு பெட்டியின் மூடியைக் கழற்றினேன். உள்ளே எழுத்து எதுவும் இல்லாத ஐந்து சின்னத் துளைகள். பெட்டி தன்பாட்டுக்குப் பேசுவதைக் கேட்க அவற்றில் இரண்டு போதும். எது எது என்று மீட்டர் வைத்துத் தேடினேன். கம்பியைச் சேர்த்ததும் திரையில் குப்பையாக எழுத்துகள் கொட்டின. அந்த வைஃபை சில்லு, இஎஸ்பி 8266, விழித்தெழும்போது நொடிக்கு 74,880 என்ற வழக்கத்தில் இல்லாத வேகத்தில் பேசும். பிறகுதான் சாதாரண வேகத்துக்கு வரும். இரண்டு வேகத்தையும் பிடித்துப் படித்தபோது கடைசி வரியில் காரணம் கிடைத்தது. சர்வரின் சான்றிதழை நம்ப முடியவில்லை, காலாவதி.

விஷயம் இதுதான். கருவி ஒன்று சர்வரோடு பூட்டுப் போட்டுப் பேச வேண்டும் என்றால், எதிரில் இருப்பவன் உண்மையான ஆள்தானா என்று சரிபார்க்க ஒரு மூலச் சான்றிதழை உள்ளே வைத்திருக்கும். இலவசமாகச் சான்றிதழ் கொடுக்கும் லெட்ஸ் என்க்ரிப்ட் அமைப்பு தன் ஆரம்பக் காலத்தில் பழைய மூலச் சான்றிதழ் ஒன்றின் துணையோடு நடந்தது. அந்தப் பழைய சான்றிதழின் ஆயுள் 2021 செப்டம்பர் 30, இந்திய நேரம் மாலை 7.31-க்கு முடிந்தது. முடியப்போகிறது என்று பல மாதங்களுக்கு முன்பே அறிவித்துவிட்டார்கள். உலகத்தில் எத்தனையோ பழைய போன்களும் கருவிகளும் அன்று மாலை இப்படித்தான் வாயடைத்தன. எங்கள் பெட்டிக்குள் இருந்தது அந்தப் பழைய சான்றிதழ் மட்டும்தான்.

புதிய ஃபர்ம்வேரை இணையம் வழியாக அனுப்பலாமே என்பீர்கள். அப்டேட்டும் அதே பூட்டுப் போட்ட வழியில்தான் வர வேண்டும். பெட்டி சர்வரை நம்பாது, அப்டேட்டையும் வாங்காது. ஒவ்வொரு பெட்டியையும் கையால் திறந்து கம்பி வைத்து ஏற்றுவது ஒன்றுதான் வழி. அதற்கான ஃபைல் கம்பெனியிடம் இருந்தது. கம்பெனி தரவில்லை, கேட்ட மெயிலுக்குப் பதிலும் இல்லை. சில்லில் இருந்ததைப் படியெடுத்து, பழைய சான்றிதழ் இருந்த இடத்தில் புதியதை வைக்கலாம் என்று பார்த்தேன். புதிய மூலச் சான்றிதழின் சாவி 4096 பிட், பழையது 2048. அந்த இடத்தில் இது அடங்காது.

விடியும் நேரத்தில் வேறு வழி தோன்றியது. காலாவதி என்பது பெட்டியின் கடிகாரம் சொல்வதை வைத்துத்தானே? இந்தப் பெட்டிகளுக்குச் சொந்தக் கடிகாரம் இல்லை. கரண்ட் வந்து விழிக்கும்போது தேதி 1970 ஜனவரி 1 என்று நினைத்துக்கொள்ளும். பிறகு இணையத்தில் நேரம் சொல்லும் சர்வரைக் கேட்டுத் திருத்திக்கொள்ளும். அந்தக் கேள்விக்கு நானே பதில் சொன்னால்? என்னிடம் ராஸ்பெர்ரி பை என்ற பழைய குட்டிக் கணினி ஒன்று இருந்தது. அதைக் கொட்டகையின் வைஃபை போலவே, அதே பெயர், அதே கடவுச்சொல்லோடு நிறுத்தினேன். மற்ற எல்லாத் தகவலையும் அது இணையத்துக்கு அப்படியே விட்டுவிடும். நேரம் எது என்று பெட்டி கேட்டால் மட்டும் ஒரே பதில். செப்டம்பர் 29, காலை.

செவ்வாய்க்கிழமை காலை முதல் தறியின் சுவிட்சைப் போட்டேன். சிவப்பு, சிவப்பு, பிறகு பச்சை. மிதித்ததும் காந்தங்கள் தடதடவென்று எழும்பின. திண்ணையில் இருந்தவர்கள் ஒருவர்பின் ஒருவராக எழுந்து உள்ளே வந்தார்கள். அத்தை தார் சுற்றிக்கொண்டே, “இன்னாடா பண்ணே?” என்றார். “தேதியை நிறுத்திட்டேன் அத்தை” என்றேன். மாமா கட்டிய லைசென்ஸ் பணத்துக்கு ரசீது கையில் இருந்தது. எதையும் திருடவில்லை, வாங்கிய பொருளை ஓட வைத்தோம், அவ்வளவுதான். தீபாவளிவரை ஆறு தறிகளும் தினமும் செப்டம்பர் 29-லேயே நெய்தன. சர்வரின் சான்றிதழை மூன்று மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிப்பார்கள். புதியது வந்தால் அதன் பிறந்த தேதி செப்டம்பர் 29-க்குப் பிந்தியதாக இருக்கும், அப்போது இந்த வித்தை பலிக்காது. அது நவம்பர் நடுவில்தான் நடந்தது. அதற்குள் புடவைகள் ஆரணிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டன.

அதே வாரத்தில் இன்னொன்றும் நடந்தது. அக்டோபர் 1 முதல், கார்டில் மாதாமாதம் தானாகப் பணம் எடுப்பதற்கு ரிசர்வ் வங்கியின் புதிய விதி நடைமுறைக்கு வந்தது. அப்போது 5,000 ரூபாய்க்கு மேல் என்றால் ஒவ்வொரு முறையும் வாடிக்கையாளர் சம்மதம் தர வேண்டியிருந்தது, அதற்குக் கீழே என்றாலும் புதிதாகப் பதிவு செய்துகொள்ள வேண்டியிருந்தது. விதி நல்ல விதி. கேட்காமல் காசு எடுப்பதைத் தடுப்பது. ஆனால் வெளிநாட்டு கிளவுட் கம்பெனிகள் பலவும் நம் வங்கிகளும் அதற்குத் தயாராக இல்லை. நான் டிசைன்களைச் சேமித்து வைக்க எடுத்திருந்த சின்ன சர்வருக்கான பணம் கார்டில் போகவில்லை. கையால் கட்டப் போனால், அந்த இணையதளம் அதே கார்டை ஏற்க மறுத்தது. கணக்கை முடக்கப்போவதாக மெயில் மட்டும் ஒழுங்காக வந்துகொண்டிருந்தது. மனிதரோடு பேச வேண்டும் என்றால் அதற்குத் தனியாக மாதச் சந்தா, அதுவும் டாலரில். பணம் கட்டத் தயாராக நிற்கிறவனிடம் பணம் வாங்கிக்கொள்ள ஒரு வழி இல்லை. கடைசியில் நண்பன் ஒருவனின் கார்டில் கட்டினேன்.

இது ஏதோ சின்னக் கம்பெனிகளின் குணம் என்று நினைத்துவிடக் கூடாது. கருவிகளை இணைப்பதற்கென்றே கூகுள் நடத்திய ஐஓடி கோர் சேவையை மூடப்போவதாக 2022 ஆகஸ்டில் அறிவித்து, சரியாக ஒரு வருஷ அவகாசம் கொடுத்து, 2023 ஆகஸ்ட் 16-இல் நிறுத்தினார்கள். ஐபிஎம் தன் வாட்சன் ஐஓடி தளத்தை அதே வருஷம் டிசம்பர் 1-இல் நிறுத்தியது. ரிவால்வ் என்று அமெரிக்காவில் 300 டாலர் கொடுத்து வாங்கிய ஒரு வீட்டுக் கருவி, அதைச் செய்த கம்பெனியை வாங்கிய நெஸ்ட் சர்வரை நிறுத்தியதால் 2016 மே மாதம் வெறும் டப்பாவானது. கிளவுட் விற்கிறவர்களுக்கு ஒரு வருஷம் என்பது நீண்ட அவகாசம். சுவரில் பொருத்தின பெட்டிக்கு, தறிமேல் கட்டிய பெட்டிக்கு, வயல் நடுவே மோட்டார் ஷெட்டில் தொங்கும் ஸ்டார்ட்டருக்கு அது ஒன்றுமே இல்லை. எங்கள் பக்கத்து விவசாயிகள் மோட்டாரைப் போனில் ஓட்டும் ஸ்டார்ட்டர்களில் பெரும்பாலானவை பழைய 2ஜி சிம்மில் ஓடுகின்றன. 2016-இல் வந்த ஜியோவில் 2ஜியே கிடையாது. மற்றக் கம்பெனிகள் 2ஜியை நிறுத்தும் நாளில் அந்த ஸ்டார்ட்டர்கள் என்ன ஆகும் என்று யோசித்தவர்கள் அதிகம் பேர் இருப்பதாகத் தெரியவில்லை.

கிளவுடே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மாமாவின் கணினி இடி விழுந்து எரிந்தபோது அவரது டிசைன்கள் எல்லாம் மும்பையில் ஏதோ ஒரு சர்வரில் பத்திரமாக இருந்தன. ஒரு வரிகூடப் போகவில்லை. சேமித்து வைக்க, கணக்குப் பார்க்க, தொலைவில் இருக்கிறவருக்குக் காட்ட அதைவிட நல்ல வழி கிடையாது. ஆனால் தறி மிதிப்பதற்கு அனுமதி கொடுக்கும் இடத்தில் அதை வைத்தது அநியாயம். இதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை.

அந்தத் தீபாவளிக்குப் பிறகு ஆறு பெட்டிகளின் மூளைப் பலகையையும் எடுத்துவிட்டு நாங்களே செய்ததை வைத்தோம். காந்தங்கள் அதே காந்தங்கள், கம்பிகள் அதே கம்பிகள். ஊடைக் கணக்குக்கு எஃப்ரேம். நேரத்துக்குத் தனிக் கடிகாரச் சில்லு, அதற்கு ஒரு பட்டன் பேட்டரி, அதனால் கரண்ட் போனாலும் 1970-க்குப் போகாது. பாதிக்கு மேல் கொக்கிகள் ஒரே நேரத்தில் எழும்பும்போது மின்னழுத்தம் சரிந்து சில்லு மயங்காமல் இருக்க, காந்தங்களுக்கும் மூளைக்கும் தனித்தனி மின்சாரம். டிசைன் பென் டிரைவில் வரும். வைஃபை உண்டு, எண்ணிக்கையை அனுப்பும். வைஃபை செத்தால் தறிக்குத் தெரியவே தெரியாது. சர்க்யூட் வரைபடத்தை அச்சிட்டு, தமிழில் கம்பிகளின் பெயரை எழுதி, ஒவ்வொரு பெட்டி மூடியின் உள்பக்கமும் ஒட்டினேன். நான் இல்லாவிட்டாலும் ஆரணியில் டிவி ரிப்பேர் பார்க்கிற ஒருவர் அதைத் திறந்து பார்த்துச் சரி செய்ய முடிய வேண்டும். திண்ணையில் என்னைக் கேட்டாரே, அந்தப் பெரியவர், அவர் இப்போது ஃபியூஸை அவரே மாற்றுகிறார்.

சில்லிலும் நிலைமை மாற வேண்டும். சென்னை ஐஐடியின் சக்தி, சி-டாக்கின் வேகா என்று நம் நாட்டிலேயே வடிவமைத்த சில்லுகள் வந்திருக்கின்றன. வேகாவை வைத்து ஆர்டுயினோ போலவே பயன்படுத்தக்கூடிய ஏரீஸ் போர்டுகளும் இருக்கின்றன. வேகத்தில் அவை வெளிநாட்டுச் சில்லுகளை முந்த வேண்டும் என்று நான் கேட்கவில்லை. தறிக்கு வேகம் தேவையே இல்லை. அதே சில்லு இருபது வருஷம் கழித்தும் ரிச்சி தெருவில் கிடைக்க வேண்டும், அதற்கு எழுதிய நிரல் அன்றும் மாறாமல் கம்பைல் ஆக வேண்டும். சி-டாக் போன்ற ஓர் அரசு நிறுவனத்தால் அந்த உறுதியைக் கொடுக்க முடியும், கொடுக்க வேண்டும்.

அரசு மானியத்தில் எலெக்ட்ரானிக் பெட்டிகள் வாங்கும் நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்களுக்கும், சொந்தக் காசில் வாங்கும் தறிக்காரர்களுக்கும் ஒரு வேண்டுகோள். விற்க வருகிறவர் எதிரிலேயே வைஃபை ரௌட்டரை அணைத்துவிட்டு, தேதியைப் பத்து வருஷம் எதிர்காலத்துக்குத் தள்ளி வைத்து ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். நடு ஊடையில் பிளக்கைப் பிடுங்கி, திரும்பப் போட்டு, அதே ஊடையில் தொடங்குகிறதா என்று பாருங்கள். சர்க்யூட் வரைபடத்தையும் ஃபர்ம்வேர் ஃபைலையும் பெட்டியோடு சேர்த்து எழுத்தில் கேட்டு வாங்குங்கள். இவற்றுக்குச் சம்மதிக்காதவரிடம் எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும் வாங்காதீர்கள்.